பேட்டரியைப் பழிக்குமுன் வயரைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவில் விடுமுறை வந்தால் காருக்குப் பின்னால் சிறிய டிரெய்லர் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்த இடத்தில் விரித்தால் கூடாரம். பக்கவாட்டில் இழுத்தால் அடுப்படி. இதுதான் கேம்பர் டிரெய்லர். ஃப்ரிட்ஜ், விளக்கு, தண்ணீர்ப் பம்பு எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். நடுராத்திரியில் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டால், அடுத்த ஊரில் முதல் வேலையாகப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். பல நேரம் அது தண்டச்செலவு. பேட்டரிக்கு வருகிற வயரிலும் அதிலிருந்து போகிற வயரிலும்தான் கோளாறு அதிகம்.

தேவை ஒரு சாதாரண மல்டிமீட்டர். முதலில் பேட்டரியை விசாரித்துவிடலாம். ஈய-அமில வகை என்றால் (நம் வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் இருப்பதும் இந்த வகைதான், ஏஜிஎம் என்பது அதிலேயே கொஞ்சம் மேம்பட்டது) எல்லாவற்றையும் அணைத்து, சார்ஜரையும் கழற்றி, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும், நம்ப வேண்டாம். பிறகு ஃப்ரிட்ஜையும் விளக்குகளையும் போட்டு மறுபடி அளக்க வேண்டும். 12.7-ல் இருந்தது சில நிமிடத்தில் 11-க்கு விழுந்தால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. அப்படி விழவில்லை என்றால் சந்தேகத்தை முதலில் வயர் பக்கம் திருப்புங்கள்.

லித்தியம் பேட்டரியில் இந்தக் கணக்கு செல்லாது. கிட்டத்தட்ட காலியாகும் வரை 13 வோல்ட்டையொட்டியே காட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஆம்ப் உள்ளே போனது, வெளியே வந்தது என்று எண்ணும் ஷன்ட் மானிட்டர்தான் அதற்குச் சரியான அளவுகோல். திடீரென்று மீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்டினால் பதற வேண்டாம். உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருக்கும். லித்தியத்துக்கான சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். உறைநிலைக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் ஜூலைதான் குளிர்காலம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்துப் பாலைவனத்தில் விடியற்காலையில் உறைபனி விழுவதுண்டு.

இனி ஃப்ரிட்ஜுக்கு வருவோம். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 3 முதல் 5 ஆம்ப் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைவிட அதிகம். வயர் மெலிதாக இருந்தால் பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்க, ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11.5-தான். பேட்டரி காலி என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் மறுபடி முயலும், மறுபடி அணையும். இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறு முனையை ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயரின் பாசிட்டிவ் கடைசியிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது முழுக்க வழியில் தொலைந்த வோல்ட். நெகட்டிவுக்கும் இப்படியே. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். ஃப்யூஸ் பிடிப்பான், ஸ்விட்ச், சிகரெட் லைட்டர் சாக்கெட் என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் அளந்துகொண்டே போனால் பிடிபடுவான். அந்த லைட்டர் சாக்கெட்டை நான் முதலிலேயே சந்தேகிப்பேன். குலுங்கினால் கழன்றுகொள்ளும் அதை ஃப்ரிட்ஜுக்குப் பயன்படுத்தவே கூடாது.

காரிலிருந்து சார்ஜ் ஏறவில்லை என்ற புகாரிலும் கதை இதுதான். கார் பேட்டரியிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு எட்டு மீட்டர் என்று வையுங்கள், போகவர பதினாறு. ஆஸ்திரேலியக் கடைகளில் '6 மிமீ' என்று விற்கும் ஆட்டோ வயரில் அந்த 6 மேலுறையையும் சேர்த்த விட்டம். உள்ளே இருக்கும் செம்பு சுமார் 4.6 சதுர மிமீதான். அதில் 20 ஆம்ப் ஓடினால் ஏறத்தாழ 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தாலும் பேட்டரிக்கு 13 வந்தால் அது முழுதும் சார்ஜ் ஆக வெகுநேரம் பிடிக்கும். 13.5 சதுர மிமீ வயரில் இதே இழப்பு 0.4 வோல்ட். புதிய கார்கள் பலவற்றில் இன்னொரு சிக்கல்: எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு, குறைந்து வரும் வோல்டேஜை உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். அது ஏற்கெனவே இருந்தும் வேலை செய்யவில்லையா? எஞ்சின் ஓடுவதை அதற்குச் சொல்லும் மெல்லிய இக்னிஷன் வயர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிப் ரிவர் சாலை போன்ற மண்பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வரிவரியாகக் கிடக்கும். அந்த அதிர்வில் இறுக்கிய நட்டும் தளரும். காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஆண்டர்சன் பிளக்குக்குள் செம்மண் தூசு புகும். சேசிஸில் எர்த் பிடித்த இடத்தில் துரு ஏறியிருந்தால், ஒரு விளக்கைப் போடும்போது இன்னொன்று மங்கும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். லோடு ஓடும்போது இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை: சுடுகிற இடம் குற்றவாளி. ஸ்பேனரை எடுக்குமுன் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

சோலாரில் இரண்டு விஷயம் போதும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். டிசி-டிசி சார்ஜரிலேயே சோலார் கன்ட்ரோலர் இருந்தால், பேனலோடு வரும் கன்ட்ரோலரைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

முகாம் தளத்து 230 வோல்ட் இணைப்பு வயரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆஸ்திரேலியச் சட்டப்படி அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை, உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

உண்மையிலேயே செத்துப்போகும் ஈய-அமில பேட்டரிகள் பலவும் பயணத்தில் சாவதில்லை. பாதி காலியான நிலையில் மாதக்கணக்கில் வீட்டு ஷெட்டில் கிடந்து, தகடுகளில் சல்பேட் படிந்து போகின்றன. ஊர் திரும்பிய அன்றே சார்ஜரை மாட்டிவிடுங்கள்.