ஏதென்ஸின் விகடகவி

கி.மு. 424-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், லீனையா என்னும் திருவிழாவுக்குக் கூடிய ஏதென்ஸ் நகரத்தார், தங்கள் ராஜ்யத்தில் அப்போது நிகரற்ற செல்வாக்கோடு விளங்கிய கிளியோன் என்பவனை, இருபது வயதைச் சற்றே கடந்திருந்த ஒரு நாடகாசிரியன் மேடையில் நிறுத்தி, திருடன் என்றும் முகஸ்துதிக்காரன் என்றும் பதனிட்ட தோலின் நாற்றம் வீசுகிறவன் என்றும் ஏசக் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த நாடகத்துக்கே முதற்பரிசும் வழங்கினார்கள். பிறகு, சில வாரங்களுக்குள் நடந்த தேர்தலில், அதே கிளியோனைத் தங்கள் சேனாபதிகளுள் ஒருவனாகத் தேர்ந்தெடுத்தார்கள். பரிகாசத்தினால் பதவிகள் பறிபோய்விடும் என்று நம்புகிறவர்களும், அதே காரணத்தால் பரிகாசத்துக்கு அஞ்சி நடுங்குகிறவர்களும், இந்தச் சங்கதியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

நாடகத்தின் பெயர் 'குதிரை வீரர்கள்'. ஆசிரியன் அரிஸ்டோபனீஸ். அவன் சுமார் நாற்பது நாடகங்கள் எழுதினான் என்பர். முழுமையாக நமக்கு எஞ்சியிருப்பவை பதினொன்று. அரசாங்கத்தின் மேற்பார்வையில், தேவதையின் உற்சவமாக, செல்வந்தரான ஒரு பிரஜையின் செலவில், அந்த அரசாங்கத்தையே சந்தி சிரிக்க வைக்கும் நாடகங்கள் நடத்தப்பட்டன என்பது நம் காலத்தவருக்கு வியப்பாகத் தோன்றும். கதை பாதியில் நிற்க, இருபத்துநான்கு பேர் கொண்ட பாடகர் குழு சபையோரை நேருக்கு நேர் நோக்கித் திரும்பி, ஆசிரியனின் ராஜீய அபிப்பிராயங்களை ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கும் ஒரு சம்பிரதாயமும் உண்டு. இக்காலத்துப் பத்திரிகைகளில் தலையங்கம் செய்கிற வேலையை அன்று அந்தப் பாடகர் குழு செய்தது. தலையங்கத்தை விடவும் அதை ஜனங்கள் கவனித்துக் கேட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அந்தச் சுதந்திரம் ஆபத்தில்லாத சுதந்திரம் என்று எண்ணிவிடக்கூடாது. 426-இல் 'பாபிலோனியர்' என்ற நாடகத்தை அவன் அரங்கேற்றியபோது, அந்நிய நாட்டுப் பிரதிநிதிகள் அமர்ந்திருந்த சபையிலே நகரத்தை இழிவுபடுத்திவிட்டான் என்று கிளியோன் அவன்மேல் ஆலோசனைச் சபையில் குற்றம் சாட்டினான். அடுத்த ஆண்டு, கடல் கடந்த விருந்தினர் வாராத லீனையா விழாவில் 'அக்கார்னியர்' நாடகத்தை நடத்திய அரிஸ்டோபனீஸ், இங்கே இருப்பவர் யாவரும் நம் வீட்டுக்காரரே, ஆகையால் இன்றைக்கு யாரும் என்மீது பழி சுமத்த முடியாது என்னும் கருத்துப்படத் தன் நாயகனையே பேசவைத்து, அந்த வழக்கையும் ஹாஸ்யத்துக்குப் பொருளாக்கிக் கொண்டான். அதற்கடுத்த ஆண்டு வந்ததுதான் 'குதிரை வீரர்கள்'.

அதில் பொதுஜனம் என்பதே ஒரு கிழவனின் பெயர். காது மந்தம், கோபம் மிகுதி, புகழ்ந்து பேசுகிறவனிடம் மயங்கும் சுபாவம். அவன் வீட்டில் புதிதாக வந்து சேர்ந்த ஓர் அடிமை, எஜமானனைத் தடவிக்கொடுத்தே மற்ற வேலைக்காரரை எல்லாம் அடக்கி ஆள்கிறான். அவன்தான் கிளியோன் என்று சபையில் இருந்த குழந்தைக்கும் தெரியும். முந்திய ஆண்டில் பைலாஸ் என்னுமிடத்தில் ஸ்பார்ட்டர்களை மடக்கியவன் டெமாஸ்தனீஸ் என்ற சேனாபதி; கடைசி வேளையில் போய்ச் சேர்ந்து கீர்த்தியைக் கொண்டுவந்தவன் கிளியோன். இதனை அரிஸ்டோபனீஸ், ஒருவன் பிசைந்து வைத்த பணியாரத்தை மற்றொருவன் எடுத்துப்போய் எஜமானனுக்குப் பரிமாறிய கதையாக மாற்றிவிடுகிறான். இத்தகையவனை வீழ்த்த வல்லவன் யார் என்று சோதிடச் சீட்டுக்களைத் திருடிப் பார்க்கிறார்கள். அவனிலும் கீழானவன் ஒருவன் வரவேண்டுமாம். அவன் கடைத்தெருவில் இறைச்சிக் குடல் அடைத்து விற்கிறவனாம். விற்பனைக்காரனோ, தனக்கு எழுத்து வாசனையே இல்லை, ஏதோ எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான் என்று தயங்குகிறான். அந்த அளவு படிப்பு இருப்பதுதான் உன்னிடமுள்ள ஒரே குறை என்கிறார்கள். ஜனநாயகத்தைப் பற்றி எழுதப்பட்ட பெரிய நூல்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன்; இந்த ஒரு விகடத்தைப்போலச் சுருக்கென்று தைத்த வாக்கியம் அவற்றில் அகப்படவில்லை.

நாடகத்தின் முடிவில் குடல் விற்பவன் கிழவனைக் கொப்பரையில் போட்டு வேகவைத்து இளைஞனாக்கி வெளியே கொண்டுவருகிறான். புதிய பொதுஜனம் எப்படித் தோற்றமளிக்கிறான் என்றால், மாரத்தான் போர்க்களத்தில் பாரசீகரை முறியடித்த தலைமுறையின் பழைய உடையோடும், கூந்தலில் பொன்னாலான சிள்வண்டு அணியோடும் தோன்றுகிறான். அரிஸ்டோபனீஸின் ராஜீயம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. அவன் பிறப்பதற்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது மாரத்தான் போர். தான் கண்டறியாத ஒரு காலத்தை உரைகல்லாக வைத்துக்கொண்டு தான் வாழ்ந்த காலத்தை உரைத்துப் பார்த்தவன் அவன். ஸ்பார்ட்டாவோடு நடந்த யுத்தத்தால் வயல்களை இழந்து நகர மதில்களுக்குள் அடைபட்டுக் கிடந்த குடியானவனிடத்தில் அவனுக்கு அனுதாபம். அந்த யுத்தத்தை நீட்டித்துத் தாங்கள் பெருத்த பிரசங்கிகளிடத்தில் வெறுப்பு. இதனால் அவன் குடியாட்சியை ஒழித்துச் சிலர் கையில் ராஜ்யத்தை ஒப்புவிக்க விரும்பினான் என்று கொள்வதற்கு இடமில்லை. கிழவன் திருந்தவேண்டும் என்றானே ஒழிய, கிழவனின் சொத்தைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பழமையைப் போற்றுகிறவர் என்றாலே வாயை மூடிச் சிரிக்கிற ஆசாரசீலர் என்று நாம் கருதிக்கொள்கிறோம். அரிஸ்டோபனீஸின் நாடகங்களிலோ அச்சிடக் கூசும் ஆபாசம் பக்கத்துக்குப் பக்கம் மலிந்து கிடக்கிறது. முன்னோர் ஒழுக்கத்தை மெச்சியவன் அதை மெச்சுவதற்குப் பயன்படுத்திய பாஷை சந்தைப் பாஷை. அதனாலேயே சந்தைக்காரனும் அதைக் கேட்டான் போலும்.

ராஜீயத்தை விடவும் அவன் மனத்தைப் பற்றி அலைக்கழித்தது அக்காலத்து நாகரிகமே. எந்தப் பாட்டைப் பையன்கள் முணுமுணுக்கிறார்கள், எந்த நாடகத்துக்கு ஜனங்கள் ஓடுகிறார்கள், எந்த ஆசிரியனிடம் பணம் கட்டிப் பேசக் கற்கிறார்கள் என்பவற்றிலேதான் ஒரு நகரத்தின் விதி எழுதப்படுகிறது என்று அவன் எண்ணினான். கி.மு. 427-இல் அவன் எழுதிய முதல் நாடகமே பழைய கல்வி பெற்ற நல்ல பிள்ளையையும் புதிய கல்வி பெற்ற கெட்ட பிள்ளையையும் பற்றியது. 'மேகங்கள்' நாடகத்திலும் தகப்பனுக்கும் மகனுக்கும் கைகலப்பு மூளுவது ராஜ்யக் காரணத்தால் அன்று: விருந்து முடிந்தபின் பழைய கவி ஒருவனின் பாட்டைப் பாடும்படி தகப்பன் கேட்க, அதெல்லாம் கிழடுதட்டிப்போன சங்கதி என்று மகன் புதுமை நாடகக் கவியான யூரிபிடீஸின் வசனத்தை ஒப்பிக்க, அங்கிருந்து அடிதடி தொடங்குகிறது. பிள்ளைகள் கேட்கிற பாட்டைச் சகிக்கமாட்டாத தகப்பன்மார் இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பும் இருந்தார்கள் என்பது இன்றைய தகப்பன்மாருக்கு ஆறுதலாக இருக்கலாம்.

யூரிபிடீஸைத்தான் அவன் ஓயாமல் துரத்தினான். வீரர்களைக் கந்தலுடுத்திய பிச்சைக்காரராக்கி மேடையேற்றியவன், குலஸ்திரீகளின் கள்ளக் காதலைப் பகிரங்கப்படுத்தியவன், அடிமைக்கும் வேலைக்காரிக்கும் தர்க்கம் பேசக் கற்றுக்கொடுத்தவன் என்பன குற்றச்சாட்டுகள். ஆனால் இந்தப் பகையைக் கூர்ந்து நோக்குவோமானால், யூரிபிடீஸின் ரசிகர் எவரும் அவனை இந்த அளவுக்கு நெட்டுருப் பண்ணியிருக்கமாட்டார் என்று தெரியவரும். வரிக்கு வரி, சந்தத்துக்குச் சந்தம், வாக்கியத்தைத் தொடங்கும் பாணி வரை அவன் அறிந்திருந்தான். அவனுக்கு மூத்த ஹாஸ்ய கவியான கிராட்டினஸ், யூரிபிடீஸின் பெயரையும் அரிஸ்டோபனீஸின் பெயரையும் ஒரே சொல்லாக ஒட்டி, இருவரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள் என்பதுபோல் கேலி செய்தான். அது கேலியாயினும் நியாயமான கேலி. புதுமையைப் பரிகசிக்கப் புகுந்தவன் அந்தப் புதுமையின் நாடி நரம்புகளை எல்லாம் அறிந்திருக்கவேண்டும். இல்லையேல் அவன் முணுமுணுக்கிற கிழவனாவானேயன்றி விகடகவியாகான்.

கி.மு. 405-இல் வந்த 'தவளைகள்' இதற்கு ஒப்பற்ற சாட்சி. யூரிபிடீஸும் மற்றொரு நாடகக் கவியான ஸோபக்ளீஸும் அதற்குச் சற்று முன்னர்தான் காலமானார்கள். நகரத்தில் நல்ல கவி ஒருவனும் இல்லையே என்று ஏங்கி, நாடகத்துக்கு அதிதேவதையான டயோனிஸஸே, வாய்த்துடுக்கு மிகுந்த தன் அடிமையோடு, யூரிபிடீஸை மீட்டுவர யமலோகத்துக்குப் புறப்படுகிறான். அங்கே பழைய தலைமுறை நாடகக் கவியான ஈஸ்கிலஸின் ஆசனத்துக்கு யூரிபிடீஸ் உரிமை கொண்டாட, இருவருக்கும் வாதம் நடக்கிறது. யூரிபிடீஸ் தன் நாடகங்களின் முகவுரைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் நடுவிலும் புகுந்து, எண்ணெய்ச் சிமிழைத் தொலைத்தான் என்று ஒரே வாலை ஒட்டி முடிக்கிறான் ஈஸ்கிலஸ். சந்தம் எங்கும் இடறவில்லை. பிறகு தராசு கொண்டுவந்து இருவர் வரிகளையும் நிறுக்கிறார்கள்: ரதங்களும் பிணங்களும் நிறைந்த ஈஸ்கிலஸின் வரிகளுக்குத் தட்டு தாழ்ந்துபோகிறது. ஈஸ்கிலஸின் பக்கம் நிற்கிற ஆசிரியன் அவனுடைய ஆடம்பரமான சொல்லடுக்குகளையும், பாத்திரங்களை நெடுநேரம் ஊமையாக உட்கார்த்திவைக்கும் வழக்கத்தையும் கேலி செய்யாமல் விடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கடைசியில், நகரம் பிழைக்க வழி என்ன என்று இருவரையும் கேட்டுவிட்டு, யூரிபிடீஸுக்காக வந்த தேவதை ஈஸ்கிலஸை அழைத்துக்கொண்டு போகிறான்.

ஆழ்ந்து அறியாத விஷயத்தில் அரிஸ்டோபனீஸின் கை எப்படித் தவறிற்று என்பதற்குச் சாக்ரடீஸே உதாரணம். 423-இல் அரங்கேறிய 'மேகங்க'ளில் சாக்ரடீஸ் கூடையில் அமர்ந்து அந்தரத்தில் தொங்குகிறார். அவருடைய சிந்தனைக் கூடத்துச் சீடர்கள் தெள்ளுப்பூச்சி எத்தனை அடி தாண்டும் என்று அளக்கிறார்கள். அதர்மத்தைத் தர்மமாக்கிக் காட்டும் வித்தை அங்கே விலைக்குக் கிடைக்கிறது. மெய்யான சாக்ரடீஸ் காசு வாங்கியவரும் அல்லர், கூடம் வைத்தவரும் அல்லர். பணத்துக்கு வாதவித்தை கற்பித்த பலரின் குற்றங்களை எல்லாம் வாரி, ஊரறிந்த முகமுடைய ஒருவர் தலையில் கட்டிவிட்டான் கவி. அன்று அந்த நாடகம் மூன்றாம் இடம், அதாவது கடைசி இடம் பெற்றுத் தோற்றது. தன் நாடகங்களுள் சாதுரியம் மிக்கது இதுவே என்று பின்னர் திருத்தி எழுதிய பிரதியில் அவன் சபையோரைக் கடிந்துகொள்கிறான். ஆனால் இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 399-இல், உயிருக்கு வழக்காடி நின்ற சாக்ரடீஸ், இன்று எதிரில் நிற்கும் வாதிகளினும் பழைய அவதூறுகளே தமக்கு அபாயகரமானவை என்றும், அவற்றுக்கு இந்த ஹாஸ்ய நாடகமே அடையாளம் என்றும் சொன்னதாக அவர் சீடன் பிளேட்டோ எழுதியிருக்கிறான். கிளியோனைக் கிழித்தெறிந்த நாடகம் பரிசு பெற்றும் அவனை அசைக்கவில்லை. சாக்ரடீஸைக் கேலி செய்த நாடகம் தோற்றும் ஜனங்களின் மனத்தில் தங்கிவிட்டது. அதே பிளேட்டோ, வேறொரு நூலில், அரிஸ்டோபனீஸையும் சாக்ரடீஸையும் ஒரு விருந்தில் அமரவைத்து விடியும்வரை குடித்துப் பேசவைக்கிறான் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

'தவளைக'ளுக்கு நகரத்தார் முதற்பரிசு கொடுத்தார்கள். அதில் பாடகர் குழு சொன்ன புத்திமதிக்காக அந்நாடகம் மறுமுறையும் நடிக்கப்பட்டது என்பது பழைய குறிப்பு. முந்திய கலகத்தில் உரிமை இழந்த பிரஜைகளை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், நல்ல பழைய நாணயத்தை ஒதுக்கிச் செப்புக்காசைப் புழங்குவதுபோல் மனிதரிடமும் நடந்துகொள்ளாதீர்கள் என்பது அந்தப் புத்திமதி. அவ்வாண்டு இறுதிக்குள் அதை ஒட்டிய தீர்மானமும் நிறைவேறிற்று; ஆனால் அதற்குள் ஏதென்ஸின் கடைசிக் கப்பற்படை ஸ்பார்ட்டர் கையில் சிக்கிவிட்டது. 404-இல் நகரம் சரணடைந்தது. அதன் பின்னும் அரிஸ்டோபனீஸ் எழுதினான். 388-இல் வெளிவந்த 'செல்வம்', குருட்டுத் தேவதைக்குப் பார்வை கிடைத்து நல்லவர் பணக்காரராகும் கதை. அதில் சபையோரை நோக்கித் திரும்பிப் பேசும் பாடகர் குழு இல்லை. பெயர் சொல்லி ஏசத்தக்க கிளியோனும் இல்லை. எஜமானனை மிஞ்சிய சாமர்த்தியமுள்ள ஓர் அடிமை மேடையை ஆக்கிரமித்துக்கொள்கிறான். அதற்குப்பின் நூறாண்டுக்குள் கிரேக்க ஹாஸ்யம் காதலர், கருமிகள், சமையற்காரர் ஆகியோரின் குடும்பக் கதையாக மாறி, எவர் மனத்தையும் நோகச்செய்யாத இனிமையைப் பெற்றுவிட்டது.