யப்பானிய மோட்டார்ச் சைக்கிளும் தரம் என்னும் பண்பும்

ஒரு நாட்டிலே செய்யப்படும் பொருள், அந்நாட்டாரை ஒருபோதும் கண்டிராத மக்களிடத்தும் அவர்தம் பெயரைக் கொண்டுசென்று நிறுத்துகின்றது. அப்பெயர் நற்பெயராயின் அது பெருஞ்செல்வம். இழிபெயராயின் அதனைத் துடைத்தற்குப் பல்லாண்டு முயற்சி வேண்டும். இவ்விரு நிலைகளையும் ஒரு நூற்றாண்டினுள்ளேயே கண்ட நாடு யப்பான். அந்நாட்டின் மோட்டார்ச் சைக்கிள் தொழில் இவ்வுண்மையை விளக்குதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

மட்டக்களப்பைச் சார்ந்த கல்லடி, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக, இரண்டு நீர்ப்பரப்புக்களுக்கிடையே கிடக்கும் ஊர். இரும்பைத் தின்னும் உப்புக்காற்று இங்கே ஆண்டு முழுவதும் வீசுகின்றது. இவ்வூரை நகரத்தோடு இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் அருகே யப்பானிய அரசின் கடனுதவியோடு கட்டப்பட்ட அகன்ற புதிய பாலம் 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே திறக்கப்பட்டது. இப்பாலத்தின் மேல் நாடோறும் செல்லும் வாகனங்களுள் மோட்டார்ச் சைக்கிளே மிகுதி. மீன் வியாபாரியும், ஆசிரியரும், படுவான்கரை வயலுக்குப் போகும் விவசாயியும் அதனையே நம்பியுள்ளனர். அவர்களுக்கு அஃது ஆடம்பரமன்று, உழைப்புக்குரிய கருவி. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை அத்தடை 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் நீங்கியது. அவ்வாண்டுகளிலே, வீட்டில் நின்ற பழைய வண்டி இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்பது பல குடும்பங்களின் வருவாயைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று.

இத்தகைய வேளையில் யப்பானிய வண்டி என்றால் நம்பலாம் என்னும் எண்ணம் மக்களிடையே வலுப்பெறுதல் இயல்பே. ஆயின், அந்நம்பிக்கைக்குக் காரணம் யாது? யப்பானியர் பிறவியிலேயே தொழில்நுட்பம் வாய்ந்தவர் என்பது பலர் கூறும் விடை. அவ்விடை உண்மையாயின் ஏனையோர் கற்பதற்கு அதில் ஒன்றுமில்லை. வரலாறோ வேறு விடை தருகின்றது.

பழைய பெயர்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், யப்பானியப் பொருள் என்றால் விலை குறைந்தது, விரைவிற் கெடுவது என்பதே உலகின் பல பகுதிகளில் நிலவிய கருத்து. அதன் மலிவுக்கு ஏனைய நாட்டு உற்பத்தியாளர் அஞ்சினரேயன்றி, அதன் உறுதிக்கு அஞ்சினாரல்லர். 1934ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசு, யப்பானியத் துணிகள் இலங்கைச் சந்தையை நிறைப்பதைத் தடுக்கும் பொருட்டு, இறக்குமதி அளவுக்கு வரம்பு கட்டியது. இன்று தரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் மக்களே அன்று மலிவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டனர். இரண்டு காலத்திலும் குருதி ஒன்றே, மாறியது வேறொன்று.

ஐம்பதில் மூன்று

யப்பானிய மோட்டார்ச் சைக்கிள் தொழிலின் தலைமகனாகக் கருதப்படும் சொயிச்சிரோ ஹொண்டா 1906ஆம் ஆண்டு பிறந்தவர்; ஒரு கொல்லரின் மகன். உயர்கல்வி பெறாத அவர், போருக்கு முன்னர் பிஸ்டன் வளையம் செய்யும் தொழிலில் இறங்கினார். உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையே வாயு கசியாது காக்கும் இவ்வளையம் பார்வைக்கு அற்பமானது. ஆயின் இயந்திரத்தின் ஆற்றலும் ஆயுளும் அதனையே பற்றி நிற்பன. ஹொண்டா செய்த வளையங்களுள் ஐம்பதைத் தெரிந்து ரொயோற்றா நிறுவனத்தார் சோதித்தபோது, தேறியவை மூன்று மட்டுமே. அவர் மனந்தளர்ந்து தொழிலைக் கைவிட்டாரல்லர். தம் கைத்திறனை மட்டும் நம்பியுமிருந்தாரல்லர். முன்னரே ஹமாமற்சு நகரத் தொழில்நுட்பப் பாடசாலையிலே மாணவராய் அமர்ந்து உலோகவியல் கற்றிருந்த அவர், மேலும் கற்கலானார். யப்பானிய வண்டியின் புகழுக்குப் பின்னே நிற்பது இத்தோல்வியும், அதனை அவர் ஏற்றுக்கொண்ட முறையுமே எனலாம்.

போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டு, படையினர் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் ஊட்டப் பயன்படுத்திய சிறு இயந்திரங்களை வாங்கி, அவற்றை மிதிவண்டியிற் பூட்டி விற்கலானார். 1948ஆம் ஆண்டு ஹொண்டா நிறுவனம் தோன்றியது. ஹமாமற்சு வட்டாரத்திலேயே 1909ஆம் ஆண்டு முதல் தறி செய்துவந்த சுசுகி நிறுவனம் 1952ஆம் ஆண்டு இத்துறையிற் புகுந்தது. இசைக்கருவி செய்துவந்த நிறுவனமொன்றிலிருந்து 1955ஆம் ஆண்டு யமஹா மோட்டார் நிறுவனம் பிரிந்தது. மூன்று இசைக்கவைகள் இன்றும் அதன் சின்னமாயுள்ளன. விமானத் தொழிலிலிருந்து வந்தது கவாசாகி. 1950க்குப் பிந்திய ஆண்டுகளில் யப்பானிலே ஏறத்தாழ இருநூறு நிறுவனங்கள் மோட்டார்ச் சைக்கிள் செய்தன. அக்கடும் போட்டியிலே நிலைத்து நின்றவை மிகச் சிலவே.

அளவையும் ஒழுங்கும்

தரம் என்பதை இறுதியிலே சோதித்துப் பெறலாம் என்பது பழைய தொழிற்சாலைகளின் கொள்கை. செய்து முடித்த பொருள்களுள் நல்லனவற்றை எடுத்துத் தீயனவற்றைக் கழிப்பதே அம்முறை. அவ்வாறு கழிக்கப்படும் பொருளுக்குச் செலவான உலோகமும் உழைப்பும் வீணாவதோடு, சோதிப்பவர் கண்ணுக்குத் தப்பிய குறை வாங்குபவர் வீட்டுக்குச் செல்கின்றது.

கல்லடியிலே இரும்புப் பாலம் அமைக்கப்பட்ட அதே 1924ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் வோல்ற்றர் ஷூவாட் என்னும் அறிஞர் இதற்கு மாற்றாகக் கட்டுப்பாட்டு வரைபடம் என்னும் கருவியை வகுத்தார். ஒரு பொறி நாள் முழுவதும் பிஸ்டன் வளையங்களைச் செய்வதாகக் கொள்க. எவ்விரு வளையங்களும் முற்றிலும் ஒத்தன அல்ல. மணிக்கு ஒருமுறை சில வளையங்களை எடுத்து அளந்து, அவ்வளவைத் தாளிற் குறித்து வந்தால், அளவுகள் இரண்டு எல்லைகளுக்கிடையே ஏறியும் இறங்கியும் செல்வது தெரியும். அவ்வேற்ற இறக்கம் அச்செய்முறைக்கே உரிய இயல்பு. அதற்காகத் தொழிலாளியைக் கடிவதிற் பயனில்லை. புள்ளியொன்று எல்லையைக் கடந்தாலோ, புள்ளிகள் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கினாலோ, அதற்குத் தனியே ஒரு காரணம் உண்டு. வெட்டுங் கருவி தேய்ந்திருக்கலாம். உலோகக் கலவை மாறியிருக்கலாம். அக்காரணத்தைக் கண்டு நீக்கினால், பழுதான பொருள் தோன்றுமுன்னரே பழுது நின்றுவிடும். உலையிலிருக்கும்போதே உப்புப் பார்ப்பதற்கும், பந்தியிலே இலை போட்டபின் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

1950ஆம் ஆண்டு, யப்பானிய விஞ்ஞானிகள் பொறியியலாளர் ஒன்றியத்தின் அழைப்பை ஏற்று, எட்வேட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளிவிபர அறிஞர் அந்நாட்டிலே விரிவுரைகள் நிகழ்த்தினார். அவ்விரிவுரை நூலால் வந்த பணத்தை அவர் ஒன்றியத்துக்கே நன்கொடையாக அளித்தார். அதனை முதலாகக் கொண்டு 1951ஆம் ஆண்டு டெமிங் பரிசு நிறுவப்பட்டது. 1962ஆம் ஆண்டு முதல், கவோரு இஷிக்காவா என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில், தொழிலாளர் தாமே சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையிலுள்ள குறைகளை ஆராயும் தர வட்டங்கள் பரவின. அளப்பவன் அலுவலகத்திலும் செய்பவன் பட்டறையிலும் இருந்த பிரிவு இதனால் தளர்ந்தது. அமெரிக்காவிலே தோன்றிய முறையை அமெரிக்கத் தொழிலதிபர் பலர் பொருட்படுத்தாதிருந்த காலத்தில், யப்பானியர் அதனை அன்றாட வழக்கமாக்கிக்கொண்டனர்.

ஓட்டத்திற் கண்ட பயன்

1954ஆம் ஆண்டு ஹொண்டா, பிரித்தானியாவை அடுத்த மான் தீவில் நடைபெறும் உலகப் புகழ் பெற்ற மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் போட்டியைச் சென்று கண்டார். அங்கு ஓடிய வண்டிகளின் ஆற்றல் தம் வண்டிகளின் ஆற்றலை மிக விஞ்சியிருந்தது. ஐந்தாண்டு உழைப்பின் பின்னர், 1959ஆம் ஆண்டு அவருடைய குழு முதன்முறையாகப் பங்குபற்றி, 125 கன சென்ரிமீற்றர் பிரிவிலே ஆறாம், ஏழாம், எட்டாம், பதினோராம் இடங்களைப் பெற்றது. 1961ஆம் ஆண்டு 125, 250 ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களும் ஹொண்டாவுக்கே உரியவாயின.

எனினும், பந்தய வெற்றியைவிட மக்களுக்குப் பயன்பட்டது 1958ஆம் ஆண்டு வெளிவந்த ‘சுப்பர் கப்’ என்னும் சிறு வண்டியே. கையாற் கிளச்சை இயக்க வேண்டாத அமைப்பும், சேற்றைத் தடுக்கும் கால் மறைப்பும், சங்கிலியை முழுவதும் மூடும் உறையும் அதற்கு இருந்தன. சங்கிலி மூடப்பட்டதனால் மணலும் நீரும் அதனை எளிதில் அணுகமாட்டா. கடற்கரை ஊரில் வாழ்வோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். 2017ஆம் ஆண்டளவில் இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது.

குறை நேராத தொழில் இல்லை. 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளிலே நீண்ட தூரம் வேகமாக ஓட்டப்பட்ட ஹொண்டா வண்டிகளில் எண்ணெய் கசிந்தது, கிளச்சுக்கள் தேய்ந்தன. பழுதான வண்டிகள் விமான மூலம் யப்பானுக்கு அனுப்பப்பட்டன. பொறியியலாளர் அந்நெடுஞ்சாலை ஓட்டத்தின் நிலைமைகளைச் சோதனைக் கூடத்திலே உண்டாக்கி ஆராய்ந்து, ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் உருளைத்தலையின் அடைப்புத் தகட்டையும் கிளச்சின் சுருள்வில்லையும் திருத்தி அமைத்தனர். குறையை மறையாது மூலத்தைத் தேடிய இச்செயலே நற்பெயரின் அடித்தளமாகும்.

அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் இயந்திரப் பெட்டி நெடுக்காக இரு பாதியாய்ப் பிளந்து பொருத்தப்பட்டிருந்தது. எண்ணெயின் மட்டத்துக்குக் கீழும் அப்பொருத்து அமைந்தமையாற் கசிவு எளிதாயிற்று. யப்பானியர் பெரிய வண்டிகளிற் பெட்டியைக் கிடையாகப் பிரித்து, பொருத்தினை மேலே கொண்டுவந்தனர். 1969ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘சீ.பீ. 750’ நான்கு உருளைகளும், மின்சாரத் தொடக்கியும், முன்சில்லிலே தட்டுப் பிறேக்கும் உடையதாய் விளங்கியது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய மோட்டார்ச் சைக்கிள் நிறுவனமாயிருந்த பிரித்தானியாவின் பீ.எஸ்.ஏ. 1973ஆம் ஆண்டளவிற் சரிந்து, வேறு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

உப்பும் மண்ணெண்ணெயும்

செய்தவர் நினையாத சோதனைகளும் ஒரு பொருளுக்கு நேர்வதுண்டு. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்ட காலத்திலே, சிறு யப்பானிய மோட்டார்ச் சைக்கிள்களும் பழைய பிரித்தானியக் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதது. ஆகவே சில துளி பெற்றோலினால் இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயை ஊட்டினர். புகை மிகுந்தது, உருளையிற் கரி படிந்தது, வண்டி ஓடியது. யப்பானியப் பொறியியலாளர் அவ்வண்டிகளுக்கு உறுதியைக் கொடுத்தனர். அவ்வுறுதியை முழுதும் பயன்கொள்ளும் வழியைக் கண்டவர் தமிழ்த் திருத்துநரே. இவ்வரலாற்றிலே இருசாரார்க்கும் பங்குண்டு.

கல்லடியின் உப்புக்காற்றும் இத்தகையதொரு சோதனையே. உப்புத்துகள் படிந்த ஈரம், இரும்பு ஆணியும் அலுமினியப் பெட்டியும் பொருந்துமிடத்தில் ஒரு சிறு மின்கலம்போலத் தொழிற்பட்டு அலுமினியத்தை அரிக்கின்றது. செப்புக் கம்பிகளின் முனையிற் களிம்பேற்றுகின்றது. எந்நாட்டு வண்டியாயினும் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டுப் பேணாதவிடத்து இதற்குத் தப்பாது. ஆதலின் தரம் என்பது தொழிற்சாலையிலே தொடங்கி, உடையவன் முற்றத்திலே நிறைவு பெறும் பண்பு என்க.

பிறர் கற்ற பாடம்

இப்பண்பு யப்பானியர்க்கே உரியதன்று என்பதற்குத் தமிழ்நாடு சான்று. திருக்குறுங்குடியிற் பிறந்த ரி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையிலே தொடங்கிய போக்குவரத்து நிறுவனத்தினின்றும் கிளைத்த ரி.வி.எஸ். குழுவினர், 1980ஆம் ஆண்டு ஓசூரில் இருவர் செல்லத்தக்க சிறு மோட்டார் மிதிவண்டியை வெளியிட்டனர். பின்னர் யப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1984ஆம் ஆண்டு முதல் 100 கன சென்ரிமீற்றர் மோட்டார்ச் சைக்கிளை ஆக்கினர். அதே குழுவைச் சேர்ந்த சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேற்றன் நிறுவனம் 1998ஆம் ஆண்டு டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனமொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. சுசுகியோடு கொண்ட கூட்டு 2001ஆம் ஆண்டு முடிவுற்றது. யப்பானியர் கை விலகியபின் தரமும் விலகும் என எண்ணியோர்க்கு விடைபோல, 2002ஆம் ஆண்டு ரி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் அதே பரிசைப் பெற்றது.

இன்று யப்பானியப் பெயர் தாங்கிய வண்டிகளுட் பெரும்பகுதி இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வியற்நாம் முதலிய நாடுகளிலே செய்யப்படுகின்றன. ஆகவே பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்தல் அறிவுடைமையாகாது. எவ்வாறு அளந்தனர், எவ்வாறு திருத்தினர் என்பதே வினவத்தக்கது.

அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. கல்லடி உப்போடையிலே 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்றுக் கற்பித்தவர். 1947ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய யாழ் நூல், பண்டைத் தமிழிசையின் சுரங்களைக் கணக்கினால் அளந்து நிறுவிய ஆராய்ச்சி. நரம்பின் நீளம் சிறிது பிழைத்தாலும் சுரம் பிழைக்கும் என்பதை அறிந்த செவிக்கும், வளையத்தின் பருமன் சிறிது பிழைத்தாலும் இயந்திரம் பிழைக்கும் என்பதை அறிந்த கைக்கும் இடையே வேறுபாடு பெரிதன்று. கல்லடியிலும் அதன் சூழலிலும் உள்ள திருத்தகங்களிலே பயிலும் இளைஞர், ஒவ்வொரு பழுதையும் அதன் காரணத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் சிறு வழக்கத்தைக் கைக்கொள்வாராயின், அதுவே பெருந்தொழிலின் முதற்படியாகும். ஐம்பதில் மூன்று மட்டுமே தேறியது என்ற செய்தியைக் கேட்டும் கற்பதை நிறுத்தாத ஒருவரிடமிருந்தே அப்பெரும்புகழ் தோன்றியது என்பதை அவ்விளைஞர் அறிதல் நன்று.