ரெகுலேட்டரில் மெல்லக் கசியும் காற்று

நீலாங்கரை, கோவளம் கடலில் ஸ்கூபா முக்குளிப்போரின் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். ரெகுலேட்டரின் முதல் நிலை அதை ஏறத்தாழ 10 பாராகக் குறைக்கும். வாயில் கவ்வும் இரண்டாம் நிலை மூச்சுக்கு ஏற்ற அளவுக்கு இறக்கும்.

கசிவைக் கண்டறிய, வால்வைத் திறந்து கருவியை நன்னீரில் அமிழ்த்துவார்கள். சிலிண்டர் இணைப்பில் குமிழி கிளம்பினால் பெரும்பாலும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் பழுது. புதியது மாட்டினால் தீரும். வாய்ப்பகுதியில் கிளம்பினால்தான் சிக்கல். இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட அழுத்தத்தை மானியில் பார்க்க வேண்டும். முள் மெல்ல ஏறினால் முதல் நிலை வால்வின் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. அசையாமல் நின்றால் கோளாறு இரண்டாம் நிலையில். உப்புப் படிவும் கசிவை உண்டாக்கும் என்பதால், கரையேறியதும் முதல் நிலையைத் தூசிமூடியால் அடைத்து நன்னீரில் அலச வேண்டும். பிரித்துப் பழுதுபார்ப்பது பயிற்சி பெற்றவர் வேலை.