வீக்கம் மூட்டில், வேர் குடலிலா?

நாக்பூர்க் கிளையில் நான் பணியாற்றிய காலம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காசோலையுடன் வந்தார். அதிலிருந்த கையொப்பம் எங்கள் பதிவோடு பொருந்தவில்லை. மீண்டும் ஒருமுறை இட வேண்டினேன். அவர் வலக்கையை மேசைமீது வைத்தார். கணுக்கள் புடைத்து, விரல்கள் ஒருபுறமாகச் சாய்ந்திருந்தன. “கையொப்பம் மாறவில்லை, கைதான் மாறிவிட்டது” என்றார்.

அவரைப் பற்றியிருந்த நோய் முடக்குவாதம். முதுமையில் மூட்டுத் தேய்வதால் வரும் வலியினின்று இது வேறுபட்டது. நம்மைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பாற்றல், மூட்டுகளின் உட்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குவதால் விளைவது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பீடிப்பது.

ஒரு கிளையின் கணக்கில் தென்படும் குறை, வேறொரு கிளையில் தொடங்கியிருக்கக்கூடும் என்பதைத் தணிக்கையாளர் அறிவர். மருத்துவ ஆய்வாளர்களும் இன்று அவ்வாறே மூட்டைவிட்டுக் குடலை நோக்குகின்றனர்.

நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றையும் நம் இரத்தத்தையும் பிரிப்பது ஒற்றை அடுக்குச் செல்களாலான மெல்லிய சுவரே. உடலின் நோயெதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி அச்சுவரை ஒட்டியே காவல் நிற்கிறது. உணவையும் உடன்வாழும் நுண்ணுயிர்களையும் பொறுத்துக்கொள்ளவும், நோய்க்கிருமியை எதிர்க்கவும் அவை அங்கே பழகுகின்றன. நாம் உண்ணும் நார்ச்சத்தை நல்ல பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் என்னும் அமிலத்தை உண்டாக்குகின்றன. அது குடற்சுவருக்கு ஊட்டமளிப்பதோடு, எதிர்ப்பாற்றல் எல்லைமீறாமல் அடக்கும் செல்களுக்கும் துணைபுரிகிறது. இச்சமநிலை குலைந்தால் அழற்சியைத் தூண்டும் செல்கள் பெருகக்கூடும்.

இவ்வையம் புதிதன்று. சுவீடனில் 1937இல் பேராசிரியரான நன்னா சுவார்ட்ஸ் என்னும் பெண் மருத்துவர், இந்நோய்க்குப் பாக்டீரியாவே காரணம் எனக் கருதினார். வலிநீக்கி ஒன்றையும் சல்ஃபா மருந்தொன்றையும் பிணைத்துச் சல்ஃபாசலசைன் உருவாக வழிகோலினார். அப்பிணைப்பை அவிழ்ப்பவை பெருங்குடல் பாக்டீரியாக்களே. குடற்புண் அழற்சிக்கும் முடக்குவாதத்துக்கும் அம்மருந்து இன்றும் வழங்கப்படுகிறது.

2010இல் வெளியான ஆய்வொன்றில், மூட்டழற்சிக்கு இயல்பிலேயே ஆளாகும் எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தனர். நோய் வெகுவாகத் தணிந்திருந்தது. ஒரேயொரு வகைக் குடல் பாக்டீரியாவைச் செலுத்தியதும் அது விரைந்து தலைதூக்கியது. 2013இல் நியூயார்க் ஆய்வாளர்கள், புதிதாக நோயுற்றுச் சிகிச்சை தொடங்காதவர்களுள் 75 விழுக்காட்டினரிடம் பிரிவோடெல்லா கோப்ரி என்னும் பாக்டீரியாவைக் கண்டனர். நலமுற்றோரிடம் அது ஏறத்தாழ 21 விழுக்காடே.

எனினும் தீர்ப்பெழுத அவசரப்படலாகாது. தாவர உணவை மிகுதியாக உண்ணும் இந்தியர் பலரின் குடலில் பிரிவோடெல்லா இனம் நலக்கேடின்றியே வாழ்கிறது. நோயால் பாக்டீரியா மாறியதா, பாக்டீரியாவால் நோய் வந்ததா என்பது இன்னும் முற்றாகத் தெளியவில்லை. பரம்பரை, புகைபிடித்தல், ஈறுநோய் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

ஆகவே, குடலைச் சீராக்கினால் வாதம் பறந்துவிடும் என்னும் விளம்பரங்களை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முழுதானியம், பருப்பு, காய்கறி, தயிர் ஆகியவை குடலுக்கு நல்லவை. ஆனால் அவை துணையேயன்றி மாற்றல்ல. காலையில் எழுந்ததும் விரல்கள் அரைமணி நேரத்துக்கும் மேலாக விறைத்திருந்தாலோ, இரு கைகளின் சிறுமூட்டுகளும் வீங்கி ஆறு வாரம் நீடித்தாலோ, மூட்டுவாத மருத்துவரை உடனே நாடுங்கள். தொடக்க மாதங்களில் தரும் சிகிச்சையே மூட்டுச் சிதைவைத் தடுக்க வல்லது.

அன்று அந்த ஆசிரியையின் புதிய கையொப்பத்தைப் பதிவுசெய்து பணம் வழங்கினோம். கையொப்பமிடவே இயலாதவர், வங்கி அறிந்த இரு சாட்சிகளின் முன்னிலையில் கைந்நாட்டு வைத்துப் பணம் பெறலாம். சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். 70 வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லந்தேடி வங்கிச்சேவை வழங்க ரிசர்வ் வங்கி 2017இல் அறிவுறுத்தியுள்ளது. தங்கள் வீட்டில் அத்தகையோர் இருப்பின் கிளையில் கேளுங்கள். கேட்கத் தயங்கவேண்டியதில்லை, அது தங்கள் உரிமை.