சுரங்கக் கழிவுக்கு எதுக்குப் பாதுகாப்பு?

வட பிரான்ஸ்ல, லான்ஸ் நகரத்துக்குப் பக்கத்துல லோஸ்-ஆன்-கோயெல்னு ஒரு ஊர். தட்டையான நிலத்துல கருப்பா ரெண்டு கூம்பு மலை. இயற்கையா வந்தது இல்ல. நிலக்கரியோட சேர்ந்து வந்த வேண்டாத கல்லைக் கொட்டிக் கொட்டியே வளர்ந்தது. 2012ல யுனெஸ்கோ அந்தச் சுரங்கப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ, இந்த மாதிரி 51 மேடுகளும் உள்ள வந்துச்சு.

குப்பையைப் போய் ஏன் பாதுகாக்கணும்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. ரோடு போடறதுக்காகப் பல மேடுகளை வெட்டியே எடுத்துட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, தோண்டின கரி எரிஞ்சு போச்சு. கடைசிச் சுரங்கமும் 1990ல மூடியாச்சு. இதே பகுதியில, 1906ல கூரியேர் சுரங்க விபத்துல மட்டும் 1,099 பேர் இறந்துபோனாங்க. நிலத்துக்கு அடியில எவ்வளவு வேலை நடந்துச்சுன்னு கண்ணால பார்க்கணும்னா, இந்தக் கல்லைத்தான் பார்க்கணும்.

அயிகூர்ல ஒரு மேட்டுச் சரிவுல இப்போ ஷார்டனே திராட்சை வளர்க்கறாங்க. அந்த ஒயினுக்குப் பேரு ‘ஷார்பொனே’. பிரெஞ்சுல ‘ஷார்போன்’னா கரி!