தேடிப் படிக்கும் ஆங்கிலம்

மண்ணை நீளமாகக் குவித்து, அதற்குள் ஒரு குச்சியை ஒளித்து, மற்றவரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ‘கிச்சு மாச்சுத் தம்பலம்’ எமது முற்றங்களில் விளையாடப்பட்ட விளையாட்டு. ஒளித்ததைத் தேடும் பிள்ளைக்கு அலுப்பு வருவதில்லை. அந்த ஆர்வத்தை ஆங்கிலம் படிப்பிக்கவும் பயன்படுத்தலாம்.

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பாடசாலைகளுக்கு இணையம் வந்துசேர்ந்தபோது அங்குள்ள ஆசிரியர்கள் ‘தேடல் வேட்டை’ என்ற பயிற்சியைக் கையாளத் தொடங்கினார்கள். 1995இல் சான் டியாகோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்னி டொட்ஜ், ரொம் மார்ச் என்பவருடன் இணைந்து ‘வெப்குவெஸ்ட்’ என்ற விரிவான முறையை அமைத்தார். அது பல நாட்கள் எடுக்கும் வேலை. எமக்கு உதவக்கூடியது எளிய வேட்டைதான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிப்போரும் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள்.

ஆசிரியர் இரண்டு மூன்று ஆங்கிலப் பக்கங்களை முதலில் தாமே வாசித்துத் தெரிவு செய்கிறார். விடை அவற்றுக்குள் இருக்கும்படி ஐந்தாறு வினாக்களை எழுதுகிறார். பிள்ளைகள் மூவர் மூவராகத் தேடுகிறார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் அகராதி பார்க்க, ஒருவர் எழுதுகிறார். கடைசியாக, சிறு விடைகளைச் சேர்த்தால் மட்டுமே சொல்லக்கூடிய பெரிய வினா ஒன்று. பக்கம் முழுவதும் விளங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளங்காத வரியைத் தாண்டிப் போகலாம் என்று தெரிந்தவுடன் பிள்ளையின் பயம் பாதி போய்விடுகிறது.

எதைத் தேடுவது? நெல்லைத் தேடலாம் என்பது எமது கருத்து. பி.ஜி. 300 என்ற பெயரிலுள்ள எழுத்துக்கள் எந்த ஊரைக் குறிக்கின்றன? அந்த ஊர் எந்த மாவட்டத்தில் உள்ளது? ஏ.ரி. 362 இன் அரிசி என்ன நிறம்? இரண்டில் எது முந்தி விளையும்? விவசாயத் திணைக்களத்தின் ஆங்கிலப் பக்கங்களில் இவற்றுக்கான விடைகளைத் தேடலாம். பி.ஜி. என்பது குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொட, ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டை. பி.ஜி. 300க்கு மூன்று மாதம், ஏ.ரி. 362க்கு மூன்றரை மாதம், பின்னையது சிவப்பரிசி.

பங்கு மண்டபமொன்றில் நடந்த மாலை வகுப்பில் ஒரு சிறுமி ‘மெச்சூரிட்டி’ என்ற சொல்லில் தடுக்கி நின்றாள். பின்வாங்கில் இருந்த தகப்பன், “பி.ஜி. முந்நூறு எண்டால் மூண்டு மாசம்தானே பிள்ளை, இதுக்கென்ன யோசினை?” என்றார். அவள் பக்கத்தில் மூன்று என்ற எண்ணைத் தேடினாள். அதன் அருகில் அந்தச் சொல் இருந்தது. அகராதி தேவைப்படவில்லை.

“எங்களுக்கு இங்கிலீசு தெரியாது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்க?” என்று கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். சொல் பிள்ளையிடம் இல்லை. பொருள் உங்களிடம் இருக்கிறது. இடம்பெயர்ந்த பின் பிறந்த பிள்ளைகள் பலர் சொந்த வயலைக் கண்டதில்லை. நெல் அவர்களுக்குக் கடையில் இருக்கும் அரிசி மூடைதான். வரம்பு கட்டியதையும், காலபோகத்துக்கு மழை பார்த்து விதைத்ததையும் பிள்ளை உங்களிடம் கேட்க ஒரு காரணம் வேண்டும். இந்த வினாத்தாள் அந்தக் காரணமாகலாம்.

இன்னொரு வேட்டைக்குச் சோளத்தைத் தின்னும் படைப்புழு நல்ல பொருள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இலங்கையிலும் அறியப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயர் ‘ஃபோல் ஆர்மிவேர்ம்’. ‘ஃபோல்’ என்பது விழுதலை மட்டுமல்ல, இலையுதிர் காலத்தையும் குறிக்கும் என்று பிள்ளைகள் தேடி அறிவார்கள். ‘ஆர்மி’ என்ற சொல்லை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கடன்பட்டாவது கைத்தொலைபேசி வாங்கிய வீடுகள் உண்டு. அந்தத் தொலைபேசிக்கு இப்போது இந்த வேலையைக் கொடுக்கலாம். ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் முழுப் பக்கமும் தமிழாகிவிடுகிறது. வினாவைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு விடையையே எழுதித் தருகிறது. ஆகவே தேடுபொறியில் விடாமல், பக்கத்தையே கையில் கொடுப்பது நல்லது. விடையுள்ள ஆங்கில வரியையும், அது எத்தனையாவது பந்தியில் இருக்கிறது என்பதையும் எழுதச் சொல்ல வேண்டும். தனிச்சொல்லுக்கு மொழிபெயர்ப்புப் பார்க்கலாம்; பக்கத்துக்குக் கூடாது.

டேற்றாவுக்குப் பணம் இல்லாத வீடுகளை நாம் அறிவோம். ஒருவர் பக்கத்தை ஒருமுறை இறக்கிச் சேமித்து, புளூடூத் மூலம் மற்றவர்களுக்கு அனுப்பலாம். அதுவும் முடியாவிட்டால் போட்டோப் பிரதி போதும். இணையம் இல்லாத இணைய வேட்டை என்று சிலர் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். தொடக்கப் பிள்ளைகளுக்கு எளிய ஆங்கிலத்தில் எழுதப்படும் விக்கிப்பீடியாவும் இருக்கிறது. இதை நடத்தப் பெரிய ஆசிரியர் வேண்டியதில்லை. உயர்தரம் படிக்கும் ஒரு அக்கா போதும்.

பக்கம் ஒன்று சொல்ல, தகப்பன் வேறொன்று சொல்வதும் நடக்கும். அப்போது விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்தப் பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். கேட்டறிந்ததை மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதிவைப்பது பிள்ளையின் பொறுப்பு.