பிள்ளைகளின் விளையாட்டு வீண் வேலையா?



சம்பளம், லீவு, வீடு, தண்ணீர் என்று இந்தப் பகுதியில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இந்த வாரம் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசுவோம். "இதெல்லாம் ஒரு விசயமா?" என்று தள்ளிவிட வேண்டாம்.

பல வீடுகளில் நடப்பதுதான். அம்மா வேலை முடிந்து அசதியோடு வருகிறாள். பையன் பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறான். "எப்பப் பாரு வெளையாட்டு! புத்தகத்த எடுத்துப் படிச்சா என்னா?" என்று முதுகில் ஒன்று விழுகிறது. பிள்ளையாவது வாளி தூக்காமல் இருக்கட்டுமே என்ற ஏக்கம்தான் அந்த அடி. ஆனால் கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நினைத்த பிள்ளை, படிப்பைத்தான் தொடங்கியிருக்கிறது!

சுவா பக்கத்துப் பால்மரக் காடுகளில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். வெயில் ஏறினால் கித்தாக் காய் பட்டென்று வெடிக்கும். கொட்டை தூரப் போய்த் தெறிக்கும். பிள்ளைகள் பை நிறையப் பொறுக்குவார்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஓங்கிக் குத்தினால், உடையாத கொட்டைக்காரன் ராஜா. சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் வைத்தால் சுரீர்! ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து. காசு செலவில்லை. தேய்த்தால் சூடு பிறக்கும் என்பதைப் பள்ளிக்கூடம் சொல்வதற்கு முன்பே கை படித்துவிட்டது.

தோற்றவன் அழுதான், மறுநாள் கெட்டியான கொட்டையாய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். விழுந்தால் எழ வேண்டும் என்பதை யாரும் உபதேசம் செய்யவில்லை. வீட்டில் சண்டை நடந்த மறுநாள், சின்னப் பெண் பொம்மைகளை வைத்து அதே சண்டையை நடிக்கிறாள் அல்லவா? அது குறும்பு இல்லை. மனசில் கிடக்கும் பாரத்தை இறக்கி வைக்கிறாள்.

ஜாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் எலிக் குட்டிகளை வைத்துச் சோதித்தார். கொஞ்ச நேரம் தனியே பிரித்து வைத்த குட்டிகளை மறுபடி சேர்த்தால், முன்னைவிட அதிகமாய் விளையாடினவாம். வயிற்றுப் பசிபோல விளையாட்டுப் பசியும் ஒன்று உண்டு. ஆகவே நன்றாய் ஓடியாடிய பிள்ளை பல நாளாய் விளையாடாமல் மூலையில் உட்கார்ந்தால், "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வேண்டுமானால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

இந்தியாவில் அரவிந்த் குப்தா என்று ஓர் எஞ்சினியர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 1978-இல் தொழிற்சாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் சேர்ந்தார். சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டு துண்டாய் வெட்டி, தீக்குச்சிகளைச் செருகி முக்கோணமும் சதுரமும் செய்து காட்டினார். சதுரத்தை அழுத்தினால் கோணிக்கொள்ளும், முக்கோணம் அசையாது. கூரைச் சட்டத்தில் ஏன் முக்கோணம் இருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த டியூப் எதில் ஆனது? ரப்பரில்தான்! உலகுக்கு ரப்பர் கொடுத்த நாம், நம் பிள்ளை கையில் ஒரு துண்டு கொடுக்க யோசிக்கலாமா?

அந்தக் காலத்துத் தோட்டத்தில் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. துரை சொல்வார், கங்காணி கத்துவார், நாம் செய்ய வேண்டும். 'ஏன்' என்று கேட்கத் துணிந்தவர்களால்தான் சங்கம் வந்தது. அந்தச் சொல்லை நம் வீட்டுக்குள்ளேயே அடித்து அடக்கலாமா?

விளையாட்டு பிச்சையல்ல, உரிமை. 1989-இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற குழந்தை உரிமை ஒப்பந்தத்தின் 31-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மலேசியா 1995-இல் அதில் சேர்ந்தது. தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டோடு நிற்கவில்லை. குழந்தைக் காப்பகம், சமூக வசதிகள் பற்றியும் பேசுகிறது. ஆகவே திடலில் செம்பனைக் கன்று நட வந்தாலும், விளக்குக் கம்பம் பழுதாகிக் கிடந்தாலும், தோட்டக் கமிட்டி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குக் கேட்பதுபோலவே கேட்க வேண்டும்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்ட குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கைப்பேசியைக் கொடுத்துப் பிள்ளையை உட்கார வைப்பது சுலபம். சாயங்காலம் அரைமணி நேரம் வெளியே விடுங்கள்.

பெரியவர்களே, உங்களுக்கும்தான்! பாட்டிலோடு உட்காரும் ஞாயிற்றுக்கிழமையைச் சடுகுடுவுக்கும் பந்துக்கும் கொடுத்துப் பாருங்கள். பாட்டிமார் பல்லாங்குழியை எடுத்து வைக்கட்டும். அடுத்த முறை பிள்ளை எதையாவது பிரித்துப் போட்டால், கை ஓங்குமுன் ஒன்று கேளுங்கள்: "உள்ள என்னடா இருந்துச்சு?"